புல்லட் நீராட்டு

காசியின் குளிரைப் பற்றி எழுதாத தமிழ் மாணவர் நம் விடுதியில் அரியர். இதழின் பழைய கட்டுகளைப் புரட்டினால் கம்பளிக்குள் புகுந்த கதை, பல் கிட்டிய கதை, வெந்நீருக்கு வரிசையில் நின்ற கதை என்று வகைவகையாகக் கிடைக்கும். கம்பளியும் இன்றி, வெந்நீரும் கேளாமல், மார்கழியும் தையும் வேப்பமரத்தடியில் நின்று பனியை வாங்கிக்கொண்ட ஒருவனைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். விடுதியின் பின்புறத்தில் நிற்கும் நம் புல்லட்டைத்தான் சொல்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக அவன் குலங்கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் தோன்றிய பெயர். 1955இல் சென்னையில் கூட்டு நிறுவனம் ஏற்பட்டு, பிறகு திருவொற்றியூரில் வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1970 அளவில் தாய் வீடு கடையைக் கட்டிவிட்டது. நம் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைதான் பெயரைக் காப்பாற்றி வருகிறது. நம்மவன் 1998ஆம் ஆண்டு வண்டி. வார்ப்பிரும்பு எஞ்சின், முன்னும் பின்னும் டிரம் பிரேக், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். தொட்டியின் மேல் ஓடும் பொன்னிறக் கோடுகள் எந்திரம் போட்டவை அல்ல. திருவொற்றியூரில் ஒருவர் தூரிகையைப் பிடித்துக் கையால் இழுத்தவை. காசிக்கு வந்த பல தமிழர்களைவிட அவன் நல்ல தமிழன் என்று நான் சொல்வதுண்டு.

எனக்கு முன் ஐந்து அண்ணன்மார் அவனை வைத்திருந்தார்கள். படிப்பு முடிந்து போகிறவர் ஒரு சிறு தொகைக்கு அடுத்தவருக்கு விற்றுப் பத்திரத்திலும் பெயர் மாற்றித் தந்துவிட்டுப் போவது வழக்கம். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் அவன் பொதுச்சொத்து. விடியற்காலை நான்கு மணிக்குத் தென்னாட்டு ரயிலில் ஒரு முதலாண்டுத் தம்பி பெட்டியும் கையுமாக வந்து இறங்கினால், ஸ்டேஷனுக்குப் போவது அவன்தான். நள்ளிரவில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் வளாகத்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும் அவனே. உரிமம் உள்ளவர்களில் யார் அப்போது விழித்திருக்கிறார்களோ அவர் ஓட்டுவார். ஆகவே வண்டியைத் துடைக்கிறவர் ஒருவராகவும் அதில் ஏறிப் போகிறவர் வேறொருவராகவும் இருப்பது நம் விடுதியில் அன்றாட நடப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குளிர்காலம் போனதும் அவன் இருக்கும் கோலத்தைப் பார்க்கவேண்டும்! இரவெல்லாம் மூடுபனி, அதில் வண்டி நனைகிறது. நனைந்த உடம்பில், குளிர்காய மூட்டும் தெருத் தீயின் கரி படிகிறது. பகலில் காற்று எழுந்தால் கங்கைக்கரை வண்டல்மண் பறந்துவந்து அதன்மேல் உட்காருகிறது. மறுநாள் இரவு மீண்டும் பனி. இப்படி இரண்டு மாதம் நாள்தோறும் ஒரு பூச்சு. வேப்பமரத்துப் பறவைகள் தம் பங்கைச் செலுத்துகின்றன. குரங்குகள் சீட்டைக் கிழித்துப் பஞ்சை எடுத்துப் பார்த்து, தின்னக்கூடியது அன்று என்று தெளிந்து போட்டுவிட்டுப் போகின்றன. பழைய புல்லட்டுக்கு எண்ணெய் கசிவது பிறவிக்குணம். "கசியாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்று பட்டறைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த எண்ணெயில் மண்ணும் கரியும் குழைந்து, எஞ்சினின் செதில்களுக்கிடையே ஊர்ப்பக்கத்து மாட்டுவண்டி மசகைப்போல் இறுகிவிடுகிறது.

இவ்வளவையும் எப்போது கழுவுவது? ஹோலிக்கு முன் வண்டியைக் கழுவுகிறவர் காசிக்குப் புதியவர் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே நாளில் பச்சையும் சிவப்புமாக எல்லாம் வீணாகிவிடும். ஹோலி கழிந்து இரண்டு நாள் விட்டு, காலை நேரத்தில், நிழலில் வைத்துக்கொள்வதுதான் முறை. வெயிலில் கழுவினால் சோப்பு நுரை அலசுவதற்கு முன்பே காய்ந்து திட்டாகிவிடும். இன்னொன்று: ஹோலிப் பொடியை நனைப்பதற்கு முன் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் பட்டுவிட்டால் சீட்டிலும் ரப்பரிலும் சாயமாக ஏறிவிடும். அடுத்த ஹோலி வரை உட்காருகிறவர் வேட்டியெல்லாம் திருவிழாதான்.

நிற்க. கழுவுவதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். 2023ஆம் ஆண்டு ஹோலி முடிந்த வாரத்தில் நடந்ததை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அன்று வண்டியைக் கழுவியவர் நம்மில் ஒரு மூத்தவர், அன்பே உருவானவர், இப்போது நல்ல வேலையில் இருக்கிறார். காலையில் தொடங்கி மாலைவரை தேய்த்தார். கடைசியில், ஊரில் சைக்கிளுக்குச் செய்கிற பழக்கத்தில், டயர் கறுப்பாக மின்னவேண்டும் என்று தேங்காய் எண்ணெயை எடுத்துப் பூசினார். கால் மிதிக்கும் ரப்பருக்கும் பூசினார். வண்டி கல்யாண மாப்பிள்ளையைப்போல் நின்றது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அன்றிரவு ஒரு தம்பி மருந்து வாங்க அதை எடுத்துக்கொண்டு லங்கா கடைத்தெருவுக்குப் போனான். (காசியில் ஒரு லங்கா இருப்பதும், நம் பல்கலைக்கழக வாயில் அதைப் பார்த்தபடி நிற்பதும் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும்.) வாயிலைத் தாண்டித் திரும்பும்போது எதிரே மாடு. இடக்கால் பிரேக்கை மிதித்தது; பாதம் வழுக்கியது; பின் டயர் பக்கவாட்டில் ஓடியது. தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. காறை எலும்பு முறிந்து, தேர்வு எழுதவேண்டிய பருவத்தில் ஆறு வாரம் கையைத் தூக்குக்கட்டில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மூத்தவர் மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுதும் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவர் இந்த இதழை இன்றும் வரவழைத்துப் படிக்கிறார். நான் எழுதுவதற்கு ஒப்புதல் தந்தவரும் அவரே.

அதன் பிறகுதான், கழுவும் கலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்து, வாயிலுக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் போனேன். தெருவே அவரைச் சாச்சா என்றுதான் அழைக்கிறது. அவருக்கு இடக்கைச் சுட்டுவிரலில் நுனிக்கணு இல்லை. முதல்நாள் அதைத்தான் பாடமாகக் காட்டினார்.

"பேட்டா, இது எப்படிப் போயிற்று தெரியுமா? சங்கிலியைத் துடைக்கும்போது. கையால் சக்கரத்தைச் சுற்றச் சோம்பல். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டேன். துணியைச் சங்கிலியில் பிடித்தேன். பல்சக்கரம் துணியை இழுத்தது. துணிக்குள் விரல் இருந்தது. நான் கத்துவதற்கு முன்பே முடிந்துவிட்டது."

இதைச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடித்தார். எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

ஆகவே முதல் வேலை, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. வண்டியிலேயே விட்டுவைத்தால், உதவிக்கு நிற்கும் நண்பர் ஆர்வத்தில் உதைத்துப் பார்ப்பார். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சுட்ட இரும்பில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் அது திடீரென்று சுருங்கும். இருபத்தைந்து வயது கடந்த வார்ப்புக்கு அந்த அதிர்ச்சி ஆகாது. நம் கைக்கும் நீராவி ஆகாது. பிறகு புகைக்குழாயின் வாயில் ஒரு துணிப்பந்து. காற்று வடிகட்டியின் வழிக்கும் சாவித்துளைக்கும் பாலிதீனும் ஒட்டுநாடாவும். பிளக்கின் தொப்பி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். கிழிந்த சீட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவது மேல். பஞ்சு குடித்த தண்ணீர் எளிதில் வெளியே வராது. அடித்தகடு துருப்பிடிப்பது அதனால்தான். சீட்டைக் கழற்றும்போது அடியில் ஒயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அங்கே ஓர் எலிக் குடும்பம் என் முதுகலை ஆய்வேட்டின் சில பக்கங்களைக் கொண்டு கூடு கட்டியிருந்தது. அந்த ஏட்டுக்குக் கிடைத்த ஊன்றிய வாசகர்கள் அவர்கள்தாம்.

இனி அழுக்கு. சாச்சாவின் கல்வி முழுவதும் ஒரே சொல்லில் அடங்கும்: "ஊறட்டும்." நாம் செய்கிற தவறு, உலர்ந்த மண்ணைத் துணியால் தேய்ப்பது. கங்கை வண்டலில் மின்னுகிற பொடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு கலந்து வருவது குவார்ட்சு மணல். புவியியல் படிக்கும் நண்பரைக் கேளுங்கள்; மோஸ் என்பாரின் கடினத்தன்மை அளவில் அது 7; சன்னல் கண்ணாடியே ஐந்தரைக்கு மேல் தேறாது. அந்த மணலைத் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பது, திருவொற்றியூர்க்காரர் கையால் இழுத்த கோட்டை உப்புத்தாள் கொண்டு அழிப்பதற்கு ஒப்பாகும். எனவே குவளையால் மேலிருந்து கீழாக மெல்ல நீர் வார்த்துக் கால்மணி நேரம் விட்டுவிட வேண்டும். மீண்டும் வார்க்கவேண்டும். பாதி மண் தானே இறங்கிவிடும். பறவை எச்சத்தின்மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால், சுரண்டாமலே வழிந்து வரும். அதில் உள்ள யூரிக் அமிலம் பெயின்டைத் தின்னக்கூடியது. குளிர்காலத்தில்கூட அதை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுவது நல்லது.

அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் குழாய் வைத்த கடைகள் லங்காவில் பல உண்டு. ஐந்தே நிமிடத்தில் வண்டி பளிச்சிடும். நான் அங்கே கொண்டுபோவதில்லை. அந்த நீர் சக்கரத்தின் பேரிங்குக்குள்ளும் கைப்பிடித் தண்டின் கழுத்துக்குள்ளும் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். மின் இணைப்புகளுக்குள்ளும் நுழையும். வெளியே தெரியாது. இரண்டு மாதம் கழித்துச் சக்கரம் முனகும்போதுதான் தெரியும்.

சோப்புக்கு இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் துணி அலச வெறும் நீர். ஒரே வாளியில் இரண்டையும் செய்தால் எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறோம். மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கம்பி நாரும் அடுப்படியோடு இருக்கட்டும். வண்டி கழுவுவதற்கென்று விற்கும் மென்மையான சோப்பு கொஞ்சம் போதும். தொட்டியும் மட்கார்டும் ஒரு துணியால். சக்கரமும் அடிப்பாகமும் வேறு துணியால். இது தீண்டாமை அன்று. மணல் எங்கே இருக்கிறதோ அந்தத் துணி அங்கேயே இருக்கவேண்டும் என்பதுதான்.

எஞ்சினில் இறுகிய மசகுக்குச் சோப்பு பணியாது. முன்பெல்லாம் மண்ணெண்ணெய். இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை. கால் லிட்டர் டீசல் வாங்கிவந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் செதிலுக்குச் செதில் தடவி ஊறவைக்கிறேன். மரக்குச்சியால் வழித்துச் சோப்பு நீரால் இருமுறை கழுவினால் போய்விடுகிறது. சிலர் பெட்ரோலை எடுப்பதைப் பார்க்கிறேன். நண்பர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். பெட்ரோலின் ஆவி, பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நம் தாழ்வாரத்தில் மார்ச்சு மாதம் வரை எத்தனை அறைகளில் ஹீட்டர் சுருள் செக்கச்சிவந்து எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். டீசல் அவ்வளவு விரைவில் பற்றாது. ஆயினும் பீடி பிடிக்கும் நண்பரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுவதில் தவறில்லை.

சங்கிலி நான் நெடுநேரம் செலவிடும் இடம். எண்ணெயும் மணலும் கலந்த அந்தக் கறுப்புக் குழம்பு, சாணைக்கல்லுக்குச் சமம். சங்கிலி ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் பல்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறது. சாவி சட்டைப்பையில் இருக்க, ஒரு கையால் பின்சக்கரத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு, நின்ற பிறகு மறுகையால் நான்கு விரற்கடை நீளம் பிரஷால் தேய்ப்பது. மீண்டும் சுற்றி நிறுத்துவது. அரைமணி ஆகும். சாச்சாவின் விரலை நினைத்துக்கொண்டால் அரைமணி பெரிதாகத் தோன்றாது. நம்முடையது பழைய காலத்துச் சங்கிலி, டீசலைப் பொறுத்துக்கொள்ளும். புதிய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அவற்றுள் பலவற்றின் சங்கிலிக் கணுக்களில் சிறு ரப்பர் வளையங்கள் உண்டு. கம்பிப் பிரஷும் பெட்ரோலும் பட்டால் அவை கெட்டுவிடும். உள்ளே அடைத்துவைத்த கிரீஸும் போய்விடும். அதற்கு மென்மையான பிரஷும், மண்ணெண்ணெயோ அதற்கென்று விற்கும் திரவமோதான். துடைத்து, நன்றாக உலரவிட்டு, 90ஆம் எண் கியர் எண்ணெயைச் சங்கிலியின் உட்புறம் சொட்டுச்சொட்டாக விட்டு, மிகுந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஒற்றாமல் விட்டால் ஓடும்போது தெறிக்கும். தெறிக்கும் இடம் பின் டயர். 2023ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள்.

டிரம்மைத் திறந்து பார்க்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கு ஒரு சொல். உள்ளே இருக்கும் கறுந்தூளை வாயால் ஊதக்கூடாது, காற்றுக்குழாயாலும் அடிக்கக்கூடாது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. மூச்சில் போனால் நுரையீரலை விட்டு அது இறங்காது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் பாலிதீனில் கட்டி எறிந்துவிட வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால் அந்தத் தகட்டில் எண்ணெய் படவே கூடாது. பட்டுவிட்டால் பிரேக்குக்கென்று விற்கும் தூய்மையாக்கும் திரவத்தால் துடைக்கலாம்.

கழுவியாயிற்று, இனி உடனே துடைக்கவேண்டும். நம் விடுதித் தண்ணீர் கடினநீர். தானாகக் காயவிட்டால் குரோமியத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழும். பழைய பருத்தி வேட்டிக்கு இணையான துணி காசியில் எனக்கு அகப்படவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒன்று கொண்டுவந்தால் சங்கம் நன்றியோடு பெற்றுக்கொள்ளும். மெழுகு பூச ஆசைப்படுகிறவர்கள் தொட்டிக்கும் மட்கார்டுக்கும் பூசிக்கொள்ளுங்கள். சீட்டு, டயர், மிதி ரப்பர், கைப்பிடி, பிரேக் மிதி ஆகியவற்றில் ஒன்றும் பூசக்கூடாது. அவை மங்கலாக, சொரசொரப்பாக, அழகின்றி இருக்கட்டும்.

புகைக்குழாயில் வைத்த துணிப்பந்தை எடுத்த பிறகு எஞ்சினை உதைத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். செதில்களுக்கிடையே தங்கிய நீர் உலரும். டிரம்முக்குள் கொஞ்சம் நீர் போயிருக்கும். முதலில் பிரேக் பிடிக்காததுபோல் இருக்கும். ஆகவே கழுவியவரே முதலில் ஓட்டவேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். வளாகத்தின் உட்சாலையில், மாமரங்களுக்கு நடுவே, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், நடைவேகத்தில் ஓட்டியபடி இரு பிரேக்கையும் மெல்ல மெல்லப் பிடித்துப் பிடித்து விடவேண்டும். ஏழெட்டு முறையில் சூடேறி உலர்ந்து பிடிப்பு வந்துவிடும். வந்த பிறகுதான் சாவி சட்டைப்பையை விட்டு வெளியே வரும்.

மீந்த கறுப்பு டீசலை என்ன செய்வது என்று சென்ற ஆண்டு ஒரு தம்பி கேட்டான். பக்கத்துச் சாக்கடையைக் காட்டினார் இன்னொருவர். அது அஸ்ஸி நாலாவுக்குப் போகும். அஸ்ஸி நாலா கங்கைக்குப் போகும். நாம் ஞாயிற்றுக்கிழமை போய் மூழ்குவது அங்கேதான். ஒரு பழைய டப்பாவில் ஊற்றி மூடி, சாச்சாவின் பட்டறைக்கு எடுத்துப்போகிறோம்; கழிவெண்ணெய் வாங்க வருகிறவருக்காக அவர் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறார். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சோப்புக்கு அசையாது. மெஸ்ஸில் கொஞ்சம் கடலை மாவும் இரண்டு சொட்டுக் கடுகெண்ணெயும் கேட்டு வாங்கிப் பிசைந்து தேய்த்தால் போகும். சமையற்காரர் முதலில் முறைப்பார்; வண்டிக்காக என்றால் கொடுத்துவிடுவார். அவர் மகனையும் ஒருமுறை அவன்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

இந்த ஆண்டு நீராட்டு முடிந்துவிட்டது. ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருந்த அந்தத் தம்பிதான் இம்முறை சங்கிலியை எடுத்துக்கொண்டான். நான் வாளி சுமந்தேன். சாவி அவன் அறையில், கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் தொங்குகிறது. ஸ்டேஷனுக்குப் போகவேண்டியவர்கள் கதவைத் தட்டலாம்.